விட்டுப் பிடிக்கும் உலோகம்

தமிழில் 'கோப்பு' என்னும் சொல்லும், இலங்கை வழக்கில் அதே பொருளில் வழங்கும் 'கோவை' என்னும் சொல்லும், பூவையும் மணியையும் நூலில் ஏற்றுவதைக் குறிக்கும் 'கோ' என்னும் ஒரே வினையடியில் பிறந்தவை. ஆங்கிலத்தின் 'ஃபைல்' என்னும் சொல்லும், ஆவணங்களைக் கயிற்றில் கோத்து வைத்த பழைய வழக்கத்தின் நினைவாக, நூல் அல்லது இழை என்று பொருள்படும் இலத்தீன் சொல் ஒன்றிலிருந்து வந்ததே. உதிரித் தாள்களை ஒன்றாக வைத்திருப்பதென்றால் துளையிட்டுக் கோப்பதே என்று உறவில்லாத இரு மொழிகள் தனித்தனியே எண்ணியிருப்பதை இச்சொற்கள் காட்டுகின்றன.

கோத்தல் வேறு, தைத்தல் வேறு. தைத்து ஒட்டிய புத்தகத்தில் ஒரு தாளின் இடம் என்றைக்குமாக முடிவாகிவிடுகிறது. அதை எடுக்க வேண்டுமானால் கிழிக்கத்தான் வேண்டும். கோத்த தாளோ தன் இடத்தில் நழுவாமல் நிற்கவும் வேண்டும், வேண்டும்போது காயமின்றிக் கழன்று வரவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றும் பொறுப்பு, கடைகளில் சில காசுக்கு விற்கும் ஓர் உலோகத் துண்டின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. கனடாவின் ரொறன்ரோ நகரில் பள்ளிக்கூட வகுப்பறை, சட்ட நூலகம், ஆவணக் காப்பகம் ஆகிய மூன்று இடங்களிலும் அந்த உலோகத் துண்டு மூன்று வெவ்வேறு வடிவங்களில் இதே பொறுப்பைச் சுமப்பதைப் பார்த்தால், பொருள்களை வடிவமைப்பது பற்றிய ஓர் அடிப்படை உண்மை விளங்கும்: ஒரு பைண்டரின் தரத்தை, அது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைக் காட்டிலும், எப்போது, எப்படி, யாருக்கு விட்டுக்கொடுக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

நாராசமும் செப்பு வளையமும்

இந்தச் சிக்கல் தமிழருக்குப் புதியதன்று. பனையோலைச் சுவடியின் ஏடுகளில் 'கண்' எனப்படும் துளைகள் இட்டு, ஒரு துளையில் கயிற்றைக் கோத்து, மற்றொரு துளையில் மெல்லிய உலோகக் கம்பியையோ மூங்கில் குச்சியையோ செருகி, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துச் சுற்றிக் கட்டுவது வழக்கம். அந்தக் கம்பிக்கு நாராசம் என்று பெயர். காதுக்குக் கொடுமையான ஓசையை இன்று 'நாராசம்' என்று சொல்வது, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியைச் செவியில் பாய்ச்சுவதுபோல் இருக்கிறது என்னும் உவமை நாளடைவில் சுருங்கியதால் வந்தது. நாராசம் ஏடுகளை வரிசை பிறழாமல் நேர்க்கோட்டில் நிறுத்தியது. கயிறோ அவற்றைத் தளர்த்திப் புரட்டவும் மறுபடி இறுக்கவும் இடம் தந்தது. நிலைநிறுத்துவது ஓர் உறுப்பு, நெகிழ்வது மற்றோர் உறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்ட இந்த அமைப்பு, பிற்காலத்துப் பைண்டர்கள் பலவற்றில் வேறு உருவில் திரும்ப வருவதைக் காணலாம்.

இந்த நெகிழ்வுக்கு ஒரு விலையும் உண்டு. கயிறு அறுந்தால் ஏடுகள் சிதறும். சிதறியவற்றை அறியாத ஒருவர் மீண்டும் கோத்தால் வரிசை மாறும். பழைய சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலிய அறிஞர்கள், முன்பின்னாக மாறியும் இடையிடையே குறைந்தும் கிடந்த ஏடுகளோடு நெடுங்காலம் போராட நேர்ந்தது. ஏட்டின் ஓரத்தில் எழுதப்பட்ட எண்தான் பல சமயங்களில் அவர்களுக்கு வழிகாட்டியது.

அரசர்கள் நிலக்கொடையைப் பதிவு செய்த செப்பேடுகளில் இதற்கு நேர்மாறான தீர்வு காணப்படுகிறது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தியைச் சொல்லும் சோழர் செப்பேடுகள், ஒல்லாந்தின் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலம் பேணப்பட்டமையால் லைடன் செப்பேடுகள் எனப்படுகின்றன. அவற்றுள் பெரிய தொகுதியின் 21 ஏடுகளும் துளையிடப்பட்டு ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு, அவ்வளையம் இராசேந்திர சோழனின் முத்திரையால் பூட்டப்பட்டிருக்கிறது. வளையத்தில் கோத்த ஏடுகள் என்னும் அளவில் இது இன்றைய ரிங் பைண்டருக்கு முன்னோடி போலத் தோன்றினாலும் இதன் நோக்கம் வேறு. வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டை எடுக்கவோ புதிதாக ஒன்றைச் செருகவோ முடியாது என்பதே இதன் வடிவமைப்பு. அதனால்தான் செப்பேடுகளை ஆராய்ந்த கல்வெட்டறிஞர்கள், தம் கைக்கு வந்தபோது வளையம் அறுபட்டிருந்ததா, அறுபடாமல் இருந்ததா என்பதைத் தம் அறிக்கைகளில் தவறாமல் குறித்தார்கள். அறுபட்ட வளையம், ஏடுகளின் எண்ணிக்கையைப் பற்றிய ஐயத்தையும் உடன் கொண்டுவந்தது.

வளைந்து நிற்பதும் திரும்பி வருவதும்

காகிதத்தைப் பிடிக்கும் எளிய உலோகக் கருவிகள் அனைத்தும் உலோகத்தின் இரண்டு குணங்களில் ஏதேனும் ஒன்றை நம்பியே இயங்குகின்றன. மெல்லிய உலோகத் தகட்டைச் சிறிதளவு வளைத்து விட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பும், இதுவே மீட்சித்தன்மை. ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி வளைத்தால் அது திரும்பாமல் வளைந்தபடியே நின்றுவிடும். அந்த எல்லைக்கு மீட்சி எல்லை என்று பெயர். எல்லைக்கு உள்ளே வேலை செய்யும் கருவி வில்லைப் போன்றது. கிளிப்பும் ரிங் பைண்டரும் இவ்வகை. எல்லையைத் தாண்டி வேலை செய்யும் கருவி மடித்த நாக்கைப் போன்றது. ஸ்டேப்ளர் பின்னும், காகிதத்தில் செருகி இருபுறமும் விரிக்கும் பித்தளை ஊசியும் அவ்வகை. அமெரிக்கரான ஜார்ஜ் மெக்கில் 1866இல் காப்புரிமை பெற்ற பித்தளை ஊசி இரண்டாம் வகையின் தெளிவான எடுத்துக்காட்டு. பித்தளை எளிதில் வளையும், வளைந்த இடத்தில் நிற்கும், இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. இம்மூன்று காரணங்களும் சேர்ந்து அதை இவ்வேலைக்குப் பொருத்தமானதாக்கின.

ரொறன்ரோவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எந்தக் குடும்பமும் அறிந்திருக்கும் 'டியோடாங்' இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. செப்டெம்பரில் பள்ளி திறக்கும்போது வாங்க வேண்டிய பொருள்களுக்கு ஆசிரியர்கள் தரும் பட்டியலில், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறம் என்று இந்த மெல்லிய அட்டைக் கோப்பு இடம்பெறுவது வழக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பா பா என்னும் சிற்றூரில் இருந்த நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர், அமெரிக்காவில் பெரும்பாலும் மறக்கப்பட்டு, கனடாவில் அந்தப் பொருளுக்கே பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. கனேடிய ஆங்கிலத்துக்கே உரிய சொற்களைத் தொகுப்போர் எடுத்துக்காட்டும் சொற்களில் இதுவும் ஒன்று. சிங்களமும் தமிழும் பேசிய ஊர்களிலிருந்து வந்த பெற்றோர் இந்தச் சொல்லைத் தம் பிள்ளைகளின் வாயிலிருந்துதான் முதன்முதலில் கேட்டிருப்பார்கள்.

பெயரில் உள்ள 'டாங்' நாக்குப் போன்ற உலோகப் பட்டையையும், 'டியோ' இரட்டையையும் குறிக்கும். அட்டையின் முதுகுப் பக்கத்து மடிப்பில் மூன்று இடங்களில் இரட்டை நாக்குகள் பொருத்தப்பட்டிருக்கும். தாளின் மூன்று துளைகளிலும் இவற்றை நுழைத்து, ஒவ்வோர் இரட்டையிலும் ஒரு நாக்கை மேல்நோக்கியும் மற்றதைக் கீழ்நோக்கியும் மடித்து அழுத்தினால் வேலை முடிந்தது. எதிர்த்திசைகளில் மடிக்கப்படுவதால் ஒன்று தாளை இழுக்கும் பக்கத்துக்கு மற்றது எதிர்ப்பக்கம் இழுத்து, தாள்கள் ஒருபுறம் சரிவதைத் தடுக்கிறது. மடித்த நாக்கு துளையைவிட நீளமானதாகையால் தாள் கழன்று வர வழியில்லை. வில் இல்லை, பூட்டு இல்லை, அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒருமுறை பார்த்தே கற்றுக்கொள்ளும். தாள்கள் அட்டையோடு ஒட்டித் தட்டையாக இருப்பதால், புத்தகப்பையில் பத்துக் கோப்புகள் அடுக்கினாலும் அதிக இடம் பிடிப்பதில்லை.

இந்த எளிமைக்கு எல்லை எங்கே என்பதையும் அதே உலோக குணமே சொல்கிறது. மீட்சி எல்லையைத் தாண்டி வளைக்கும்போது உலோகத்தின் உள்ளமைப்பு சற்று மாறி, வளைந்த இடம் முன்பைவிட இறுகுகிறது. நிமிர்த்தி மறுபடி மடிக்கும்தோறும் அந்த இறுக்கம் கூடி, வளையும் திறன் குறைந்து, இறுதியில் மடிப்பின் கோட்டிலேயே வெடித்து நாக்கு முறிந்துவிடும். ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி முன்னும் பின்னும் சில தடவை வளைத்தால் ஒடிவதும் இதனால்தான். ஆகவே டியோடாங், ஆண்டில் சில தடவை மட்டும் தாள் சேர்க்கப்பட்டு ஆண்டு முடிவில் வீட்டுக்குப் போகும் பாடக்கோப்புக்கு ஏற்றது. நாள்தோறும் தாள் மாற்றப்படும் அலுவலகக் கோப்புக்கு அது தாங்காது. அதன் குறைந்த ஆயுளைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. எவ்வளவு காலம், எத்தனை தடவை திறக்கப்படும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஓர் உறுப்பையும் சேர்க்காத சிக்கனமே அதன் சிறப்பு.

வட அமெரிக்க அலுவலகங்களில் தாளின் மேல்விளிம்பில் இரண்டு துளையிட்டுக் கோக்கப் பயன்படும் ஃபாஸ்னரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அடிப்பட்டையின் இரு நீண்ட நாக்குகள் தாள்கட்டின் வழியே மேலே வர, துளையுள்ள மற்றொரு பட்டை அவற்றின் மேல் அமர்ந்து, நாக்குகளை மடித்தபின் இரு சிறு வளைவுகள் அவற்றின் மேல் நகர்ந்து அழுத்துகின்றன. மடித்த நாக்கு எழும்பிவிடாமல் தடுக்கும் இந்த ஓர் உறுப்பினால்தான், டியோடாங் தாங்காத தடிமனை இது தாங்குகிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் தாளின் மேல்மூலையில் ஒரே துளையிட்டு, இரு முனையிலும் உலோகத் துண்டு பொருத்திய நூல் டேக்கைக் கோத்து வைப்பது இவையனைத்தையும்விட எளியது. அங்கே கோக்கும் வேலையை நூலும், நழுவாமல் தடுக்கும் வேலையை உலோகமும் செய்வதால் அது நாராசத்துக்கும் சுவடிக் கயிற்றுக்கும் நெருங்கிய உறவு.

சொடுக்கித் திறக்கும் வளையம்

துளையே இல்லாமல் தாளைப் பிடிப்பவை மீட்சித்தன்மையை நம்பும் கருவிகள். கறுப்பு நிறத்தில் முக்கோண வடிவில் வரும் பைண்டர் கிளிப்புக்கு, வாசிங்டனைச் சேர்ந்த லூயிஸ் பால்ட்ஸ்லி 1915இல் காப்புரிமை பெற்றார். எழுத்தாளரும் புதுக்கருவிகள் படைத்தவருமான தம் தந்தை, துளையிட்டு நூலால் தைத்த கையெழுத்துப் படியில் ஒரு தாளை மாற்றவும் முழுவதையும் பிரிக்க நேர்ந்ததே அதற்குத் தூண்டுதல். அதன் கம்பிக் கைப்பிடிகள் நெம்புகோலாக வேலை செய்து, விரல்களால் நேரடியாகத் திறக்க முடியாத வலிய எஃகு வில்லைச் சிறு விசையால் திறக்க உதவுகின்றன. தாளில் பொருத்தியபின் அவை தாளோடு ஒட்டி மடங்கிவிடுவதால் கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் முடிகிறது.

ரிங் பைண்டரின் கதை இதற்கு முற்பட்டது. அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி டிலிங்ஹாஸ்ட் சிசன் 1854இல் இதன் ஆரம்ப வடிவம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் பான் நகரத்து ஃபிரீட்ரிக் சோனெக்கன் 1886இல் கோப்புக்கும் காகிதத் துளைப்பானுக்கும் சேர்த்தே காப்புரிமை பெற்றார். துளையையும் வளையத்தையும் ஒரே அமைப்பின் இரு பாதிகளாக அவர் கண்டதே இதில் முக்கியமானது. ஒரே இடைவெளியில் துளையிடும் கருவி இல்லாவிட்டால், எவ்வளவு நேர்த்தியான வளையமும் பயனற்றது. ஸ்டுட்கார்ட் நகரத்து லூயிஸ் லைட்ஸ் 1896இல் நெம்புகோலால் திறக்கும் வளைவை அமைத்தார். இந்தியாவில் 'பாக்ஸ் ஃபைல்' என்று வழங்கும் தடித்த கோப்பின் மூலம் அதுவே.

ரொறன்ரோவின் மாணவரும் அலுவலரும் பயன்படுத்தும் மூன்று வளையப் பைண்டரைத் திறக்கும்போது எழும் 'டக்' என்னும் ஓசைக்குள் ஒரு நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. முதுகில் பொருத்திய வளைந்த எஃகு மூடியின் உள்ளே இரண்டு நீண்ட பட்டைகள் பக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு வளையத்தின் ஒரு பாதி ஒரு பட்டையிலும் மறுபாதி மற்றதிலும் பதிந்திருக்கிறது. பட்டைகள் இரண்டும் சேர்ந்த அகலம், மூடியின் விளிம்புகளுக்கு இடையே உள்ள இடத்தைவிடச் சற்று அதிகம். ஆகையால் அவை தட்டையாகப் படுக்க முடியாது. ஒன்றையொன்று தொடும் நடுக்கோடு மேலே புடைத்திருக்க வேண்டும், அல்லது கீழே தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு நிலையில் வளையம் மூடியிருக்கும், மறுநிலையில் திறந்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில் பட்டைகள் ஒரு கணம் தட்டையாகி மூடியின் விளிம்புகளை அகலத் தள்ளுகின்றன. மூடி தன் மீட்சியால் உடனே நெருங்கி, பட்டைகளை மறுநிலைக்குச் சொடுக்கிவிடுகிறது. பாதி திறந்து பாதி மூடிய ஐயநிலைக்கு இதில் இடமே இல்லை. தனிப் பூட்டு ஒன்றையும் சேர்க்காமல், ஓர் அகல வேறுபாட்டைக் கொண்டே பூட்டின் வேலையைச் செய்துகொள்ளும் இந்த ஏற்பாடு எளிய பொறியியலின் அழகுக்கு நல்ல சான்று.

வளையத்தின் வடிவமும் கவனிக்கத்தக்கது. வட்ட வளையத்தில் தாள்கள் வளைவின் மேல் ஏறிச் சாய்வாக நிற்பதால், தடித்த கட்டில் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. முதுகோடு சேர்த்து வளையங்கள் பொருத்தப்பட்டிருந்தால், கோப்பை மூடும்போது முதல் தாள்களும் கடைசித் தாள்களும் மடங்கிக் கசங்குகின்றன. ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும் வளையத்தைப் பின்னட்டையில் பொருத்தினால், தாள்கள் நேர்க்காலின் மேல் செங்குத்தாக அடுக்கப்பட்டு, விளிம்பு சமமாக நிற்கிறது. அதே அளவு வளையத்தில் கூடுதலான தாள்களும் கொள்கின்றன. வளையத்தின் இரு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும், புரட்டும் தாள் அதில் சிக்கித் துளை கிழியும். பைண்டர் கெட்டுப்போனது முதலில் தெரியவருவது இந்த இடைவெளியில்தான்.

இரண்டு துளை நாடும் மூன்று துளை நாடும்

எந்த உலோகக் கருவியும் தாளின் அளவையும் துளையின் இடத்தையும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் வடிவம் பெறுகிறது. உலகின் பெரும்பகுதியில் வழங்கும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது; அதற்குரிய அனைத்துலகத் தரப்படி 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு துளைகள், 80 மில்லிமீட்டர் இடைவெளியில், விளிம்பிலிருந்து 12 மில்லிமீட்டர் உள்ளே அமையும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் லெட்டர் தாள் 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதற்கு மூன்று துளைகள், அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே 108 மில்லிமீட்டர். முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் உள்ள தூரம், தற்செயலாகவோ திட்டமிட்டோ, தாளின் அகலத்துக்குச் சமமாக இருக்கிறது.

கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ ரொறன்ரோவுக்கு வந்த ஒரு குடும்பத்தின் ஆவணக் கட்டில் இந்த இரண்டு உலகங்களும் மோதுகின்றன. ஊரிலிருந்து வந்த ஏ4 தாள், லெட்டர் அளவுக்குச் செய்த பைண்டரில் 18 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டு, உறைக்கு வெளியே துருத்தி, ஓரம் மடங்கிக் கசங்குகிறது. இரண்டு துளையோடு வந்த தாளில் மேலும் மூன்று துளை போட்டால் விளிம்பு பலவீனமாகி, துளைக்கும் துளைக்கும் இடையே கிழியத் தொடங்குகிறது. மூல ஆவணத்தில் புதிதாகத் துளையிடாமல் ஒளிபுகும் உறையில் வைத்து உறையைக் கோப்பதும், படியெடுக்கும்போது 94 விழுக்காடாகச் சுருக்கினால் ஏ4 பக்கத்தின் முழு உயரமும் லெட்டர் தாளில் அடங்கும் என்பதை நினைவில் வைப்பதும் இதற்கு எளிய தீர்வுகள்.

கனடாவின் குடிவரவு அகதிகள் சபையில், அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் பிரிவின் விதிகள் இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கின்றன. விசாரணைக்கென ஒரு தரப்பு தயாரிக்கும் ஆவணம் 216க்கு 279 மில்லிமீட்டர் தாளில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆவணங்கள் தரப்பட்டால் அவற்றுக்குப் பட்டியல் இணைக்க வேண்டும். அனைத்துப் பக்கங்களுக்கும் ஒரே ஆவணம் என்பதுபோலத் தொடர் எண் இட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு, மருத்துவ அறிக்கை, உறவினரின் கடிதம் என்று வெவ்வேறு கைகளால் வெவ்வேறு ஆண்டுகளில் எழுதப்பட்ட தாள்களை ஒரே வாழ்க்கையின் சாட்சியமாகக் கோப்பது அந்தத் தொடர் எண்தான். உலோகம் கழன்றாலும் எண் கழலாது. ஓலையின் ஓரத்து எண்ணை நம்பிய சுவடிப் பதிப்பாசிரியரும், பக்க எண்ணைச் சரிபார்க்கும் ரொறன்ரோ வழக்கறிஞரும் ஒரே நுட்பத்தை நம்புகிறார்கள்: பிடிப்பது உலோகம், வரிசையைக் காப்பது எழுத்து.

மாறும் சட்டமும் மாறாத நம்பிக்கையும்

தாள் கழலுவதையே பயனாக்கிக்கொண்ட துறை சட்டம். 1864இல் ரொறன்ரோவில் தொடங்கிய கார்ஸ்வெல் என்னும் சட்டப் பதிப்பகம், பின்னாளில் தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவின் கென்னடி வீதியிலிருந்து நாடெங்கும் உள்ள வழக்கறிஞர்களுக்கு உதிரித்தாள் நூல்களை அனுப்பிவந்தது. உதிரித்தாள் நூல் என்பது தைக்கப்படாமல் பைண்டரில் கோக்கப்படும் நூல். சட்டம் திருத்தப்படும்போது, மாறிய பக்கங்கள் மட்டும் புதிதாக அச்சிடப்பட்டு, எந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும், எதைச் செருக வேண்டும் என்னும் குறிப்போடு சந்தாதாரருக்கு வந்து சேரும். ஆயிரம் பக்க நூலில் பத்துப் பக்கம் மாறினால், ஆயிரத்தையும் மறுபடி அச்சிடாமல் அந்தப் பத்தை மட்டும் மாற்றினால் போதும். மின்தரவுத்தளங்கள் பரவும் முன்பு, நேற்றைய திருத்தத்தை இன்றைய நூலில் காண்பதற்கு இதைவிட விரைவான வழி இருக்கவில்லை.

ஆயினும் அந்த வசதி, சட்ட நூலகர்களின் பொறுமையையும் நேர்மையையும் நம்பியே நின்றது. ஒரு தாள் தவறான இடத்தில் செருகப்பட்டாலோ, எடுக்க வேண்டிய பழைய தாள் உள்ளேயே தங்கிவிட்டாலோ, பைண்டர் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். பிழையான சட்டத்தைச் சரியான சட்டம் என்று நம்பி ஒருவர் வாதிட நேரும். எடுத்துப் போட்ட பழைய பக்கங்கள் குப்பைக்குப் போவதால், குறிப்பிட்ட ஆண்டில் அந்தப் பிரிவு எப்படி இருந்தது என்பதை அறியும் வழியும் அடைபட்டுவிடும். தைத்த நூல் பழையதாகிப் போகும், ஆனால் தன் காலத்துக்குச் சாட்சியாக நிற்கும். கோத்த நூல் எப்போதும் புதியதாக இருக்கும், ஆனால் தன் கடந்த காலத்தை இழந்துவிடும்.

நிறுவனங்களின் பதிவேடுகளுக்கும் இதே கவலை உண்டு. ஒன்ராறியோவின் வணிக நிறுவனச் சட்டம், நிறுவனங்கள் தம் பதிவுகளைத் தைத்த நூலாகவோ உதிரித்தாள் நூலாகவோ, இயந்திர அல்லது மின்தரவு முறையிலோ வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கிறது. அனுமதித்த கையோடு, பதிவுகள் பொய்யாக்கப்படும் இடரைத் தடுக்க, பயன்படுத்தும் முறைக்கு ஏற்ற முன்னெச்சரிக்கைகளை எடுக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பங்குதாரர் பட்டியலிலிருந்து ஒரு தாளை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது எவ்வளவு எளிது என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தார்கள். சாவியால் பூட்டும் கணக்கேட்டுப் பைண்டர்களும், தாள்தோறும் அச்சிட்ட எண்ணும், இயக்குநர் இடும் கையொப்பமும் இந்தத் தேவைக்காகத் தோன்றியவை. சோழ அரசு வளையத்தின் மேல் முத்திரையை வார்த்துப் பெற்ற உறுதியை, நவீன நிறுவனம் பூட்டு, எண், கையொப்பம் என்று மூன்றாகப் பகுத்துப் பெறுகிறது. திறக்க முடியாமை ஒரு காலத்தில் நம்பிக்கையின் அடையாளமாக இருந்தது. இன்று திறந்தவர் யார் என்பது தெரிவதே அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது.

துருவும் காப்பகமும்

உலோகத்துக்கும் காகிதத்துக்கும் இடையிலான உறவு நெடுங்காலம் நீடித்தால் பகையாக மாறுவதும் உண்டு. ஸ்டேப்ளர் பின்னும் சாதாரணக் கிளிப்பும் எஃகால் ஆனவை; மேற்பூச்சு தேய்ந்த இடத்தில் காற்றின் ஈரமும் உயிர்வளியும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன. துரு முதலில் பழுப்புக் கறையாகத் தாளில் படியும். பின்னர் கறை படிந்த இழைகள் நொறுங்கி, பின் இருந்த இடத்தில் துளை விழும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் இது விரைவாக நிகழ்கிறது. யாழ்ப்பாணத்திலோ நாகப்பட்டினத்திலோ பல ஆண்டுகள் இருந்துவிட்டுக் கனடாவுக்கு வந்த பழைய கடிதங்களில், பின் இருந்த மூலை மட்டும் உளுத்துப் போயிருப்பதற்கு இதுவே காரணம். ரொறன்ரோவின் குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டின் வறண்ட காற்று துருவைத் தாமதப்படுத்தும். ஆனால் கோடையில் ஈரம் தேங்கும் நிலக்கீழ் அறையில், அட்டைப்பெட்டிக்குள் வைத்த ஆவணங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஸ்பெடைனா வீதியில் உள்ள ரொறன்ரோ நகர ஆவணக் காப்பகமும், யோர்க் பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாண ஆவணக் காப்பகமும் போன்ற இடங்களில் பேணப்படும் தாள்கட்டுகளைக் கையாள்வோருக்கு, துருப்பிடித்த பின்னை அகற்றுவது அடிப்படைப் பயிற்சிகளில் ஒன்று. தாளை அசைக்காமல் வைத்து, பின்னின் மடிந்த கால்களை மெல்லிய தகட்டால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பின்னை மேல்நோக்கி எடுக்க வேண்டும். பின்னை விட்டுவிட்டுத் தாளை இழுத்தால் மூலை கையோடு வந்துவிடும். அகற்றியபின் அந்தத் தாள்களைத் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பாலோ, அமிலமற்ற தாளை மடித்துச் செய்த உறையாலோ சேர்த்து வைக்கலாம். எவை எவை சேர்ந்திருந்தன என்பதைப் பின்னை எடுக்கும் முன்பே குறித்துக்கொள்வது இன்றியமையாதது, ஏனென்றால் ஒன்றாகப் பின் குத்தப்பட்டிருந்தது என்பதும் ஒரு செய்தியே. அனுப்பியவர் எந்தக் கடிதத்தோடு எந்தப் பற்றுச்சீட்டைச் சேர்த்து அனுப்பினார் என்பதை அந்தச் சிறு கம்பி மட்டுமே அறிந்திருக்கும்.

தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் முயற்சிகளுக்கும் இது பொருந்தும். வருடியில் தாள் ஒவ்வொன்றாகத் தட்டையாகப் படுக்க வேண்டுமாகையால், கோத்தவை அனைத்தும் முதலில் அவிழ்க்கப்படுகின்றன. உலோகம் செய்துவந்த வேலையை அதன்பின் கோப்புப் பெயரும் தொடர் எண்ணும் விளக்கக் குறிப்பும் ஏற்க வேண்டும். அவற்றை எழுதாமல் வருடிய ஆயிரம் படங்கள், கயிறு அறுந்த சுவடியைப் போன்றவை. ஒவ்வோர் ஏடும் தெளிவாகத் தெரியும், நூல் மட்டும் இராது.

அவிழ்ப்பவரை எண்ணிச் செய்தவை

நாராசம், முத்திரை வளையம், இரட்டை நாக்கு, சொடுக்கும் வளையம் ஆகிய நான்கையும் ஒருசேரப் பார்த்தால், இவற்றைச் செய்தவர்கள் தாளைப் பற்றி எண்ணியதைவிடத் தாளை அவிழ்க்கப்போகும் கையைப் பற்றியே அதிகம் எண்ணியிருப்பது புலப்படுகிறது. சுவடியைக் கட்டியவர் அதைப் புரட்டிப் படிக்கப்போகும் மாணவரை எண்ணினார். செப்பேட்டை வார்த்தவர் அதைத் திருத்த நினைக்கும் வஞ்சகரை எண்ணினார். டியோடாங்கை வடிவமைத்தவர் வலுக்குறைந்த சிறு விரல்களை எண்ணினார். உதிரித்தாள் பைண்டரைச் செய்தவர் அடுத்த மாதம் திருத்தத்தோடு வரப்போகும் நூலகரை எண்ணினார். உலோகத்தின் தடிப்பும், வளைவின் அளவும், துளையின் இடமும் அந்த எண்ணத்திலிருந்து பிறந்த விவரங்கள்.

ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் ஆவணங்களை ஒழுங்குபடுத்த அமரும்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுவே. பிள்ளையின் இந்த ஆண்டுப் பாடத்தாளுக்கு டியோடாங் போதும். ஆண்டுதோறும் சேரும் வரிக் கணக்குக்கும் வீட்டுப் பத்திரப் படிக்கும் நேர்க்கால் வளையமுள்ள பைண்டர் பொருந்தும். ஊரிலிருந்து வந்த பிறப்புச் சான்றிதழுக்கும் பாட்டியின் கடிதத்துக்கும் துளையும் வேண்டாம், பின்னும் வேண்டாம், அமிலமற்ற ஓர் உறையும் மேலே பென்சிலால் எழுதிய ஓர் எண்ணும் போதும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த உறையைத் திறக்கப்போகிறவர் தமிழ் எழுத்தைத் தடவித் தடவிப் படிப்பவராக இருக்கலாம். தாள்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருந்தன என்பதை அவருக்குச் சொல்ல அப்போது அந்த எண் இருக்கும்.